துருக்கி ராசாவுக்கு

காக்கா,

இன்று காலை ஆற்றங்கரைப் பக்கம் போனேன். மீன் எண்ணெயும் குங்கிலியமும் சேர்ந்து கொதிக்கிற வாடை வந்தது. தோணிக்குப் பூச்சு காய்ச்சும்போது வருகிற வாடை. புரட்டாசி மாதத்தில் இந்தக் கரையில் அதை முகர்ந்து எட்டு வருஷம் ஆகிறது. போய்ப் பார்த்தால், கோயில் தெரு இளவட்டங்கள் நாலைந்து பேர் பழைய தோணி ஒன்றைக் குப்புறப் போட்டு அடிப்பலகைக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"அண்ணாச்சி, செபமாலை மாதா திருநாளுக்குத் தோணிச் சண்டைய மறுபடி எடுக்கப் போறோம். புதுச் சாமியாரும் சரின்னுட்டாவ. துருக்கி ராசாவா யாரை நிறுத்தலாம்னுதான் யோசிக்கோம். ஒங்களுக்குத்தான் பழைய விவரம் எல்லாம் தெரியுமாமே?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுலே" என்று சொல்லிவிட்டு, கடைக்கும் போகாமல் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொழும்பு மண்ணுக்குள் கிடக்கிறவருக்குக் கடிதம் எழுதி என்ன பிரயோசனம் என்று யாரும் கேட்கலாம். பிரயோசனம் இல்லாத காரியத்தில் நான் இறங்குகிறவன் இல்லை என்று உமக்குத் தெரியும். இதில் மட்டும் இறங்குகிறேன்.

உடன்குடிக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து இந்த ஆற்றோரத்தில் விற்றவன் நான். என் பெட்டியை முதலில் மொத்தமாக இறக்கியவர் நீர். ஒரு கருப்பட்டியை எடுத்து உடைத்து, உடைந்த இடத்தை முகர்ந்து, "சுண்ணாம்பு கூடிப்போச்சு வே, ஆனா கள்ளம் இல்ல" என்றீர். எனக்குக் கோபம் வந்தது. அடுத்த நடைக்குச் சுண்ணாம்பைக் குறைத்துக் காய்ச்சச் சொல்லி வாங்கி வந்தேன். அப்படித்தான் நம் சகவாசம் தொடங்கியது. நீர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் கடை வைத்த நாளிலிருந்து நீர் என்னை அண்ணாச்சி என்றீர், உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி நான் உம்மைக் காக்கா என்றேன். என் சரக்கு உம்முடைய தோணிகளில் ஏறிக் கடலுக்குப் போனது. ஆற்றுக்கு அந்தக் கரையில் உம் பள்ளிவாசல், இந்தக் கரையில் எங்கள் கோயில். நடுவில் போய்வந்துகொண்டிருந்தது கருப்பட்டி.

நாம் பேரம் பேசுகிற விதம் நினைவிருக்கிறதா? மாட்டுச் சந்தையில் செய்வதுபோல, துண்டைக் கைமேல் போட்டு, அதற்கடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். கடையில் பத்துப் பேர் நின்றாலும் நமக்குள் என்ன முடிந்தது என்று ஒருவனுக்கும் தெரியாது. "நம்ம ரெண்டு பேருக்கும் சாட்சி இந்தத் துண்டுதாம் வே" என்பீர். அதில் எனக்கு ஒரு பெருமை. எழுத்தும் சாட்சியும் இல்லாமல் பதினைந்து வருஷம் வியாபாரம் செய்கிறோம் என்று.

தோணிச் சண்டை வந்த கதையை இந்த இளவட்டங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. முன்னூறு வருஷத்துக்கு மேல் இருக்கும், ரோமாபுரிக்குக் கிழக்கே உள்ள கடலில் கிறிஸ்தவ ராசாக்களின் துடுப்புக் கப்பல்களும் துருக்கிச் சுல்தானின் துடுப்புக் கப்பல்களும் முட்டிக்கொண்டன. மாதாவிடம் செபமாலை சொல்லித்தான் அன்றைக்கு ஜெயித்தோம் என்பது எங்கள் கோயிலில் சொல்கிற கதை. அதற்காக வந்த திருநாள் இது. நம் ஊரில் அந்தச் சண்டையை ஆற்றிலேயே நடத்திக் காட்டுகிற வழக்கம் யார் காலத்தில் தொடங்கியதோ தெரியாது. மாதா தோணி ஒன்று, துருக்கித் தோணி ஒன்று. நடு ஆற்றில் இரண்டும் சுற்றிச் சுற்றி வரும், கரையில் வேட்டுப் போடுவார்கள், கடைசியில் துருக்கித் தோணியை முட்டிக் கவிழ்ப்பார்கள். நெஞ்சளவு தண்ணீர்தான். நல்ல தோணி அந்தக் கரையில்தான் உண்டு என்பதால் உங்களிடம் கேட்டு வாங்கினார்கள். தோணியோடு ஆளும் வந்தது. ஆளோடு ஒரு வருஷம் நீரும் வந்தீர். பச்சைப் பட்டுத் தலைப்பாகையும் பிறைக்கொடியுமாக நீர் தோணி முனையில் நின்ற அழகைப் பார்த்தபிறகு, வேறு துருக்கி ராசாவை இந்த ஊர் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒன்பது வருஷம் தோற்றீர். ஒவ்வொரு வருஷமும் தண்ணீருக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ஏலே, ராசா நனைஞ்சுட்டாருலே, ஒரு துண்டு குடுங்கலே!" என்று கத்துவீர். கரையே சிரிக்கும். பிறகு உம் ஆட்களும் எங்கள் ஆட்களும் ஒரே பந்தியில் சாப்பிடுவார்கள். உங்களுக்காக ஆட்டை உங்கள் ஆளே அறுத்துத் தருவார்.

பழைய பிரெஞ்சு சாமியாரிடம் நீர் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வருகிறது. அவர் வீட்டுக்குச் சரக்கு இறக்கப் போயிருந்தோம். அவர் மேஜைமேல் ஒரு பெரிய புத்தகத்தை விரித்து, அந்தச் சண்டையின் படத்தை நமக்குக் காட்டினார். கப்பலும் புகையுமாக நிறைந்த படம். அவருக்கு நம் தமிழ் புத்தகத் தமிழாகத்தான் வரும். "துருக்கர் கப்பல்களில் துடுப்பு வலித்தவர்கள் பிடிபட்ட கிறிஸ்தவர்கள். அன்று அவர்களின் விலங்கு உடைந்தது" என்றார் சந்தோஷமாக.

நீர் குனிந்து படத்தைப் பார்த்தபடியே கேட்டீர். "சாமி, ஒங்க கப்பல்ல துடுப்புப் போட்டது யாரு?"

"பிடிபட்ட துருக்கர்களும் இருந்தார்கள்."

"வெலங்கோடயா?"

"ஆம். விலங்கோடுதான்."

"அவங்க வெலங்க யாரு ஒடைச்சா?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷன், மழுப்பவில்லை. "இந்தப் புத்தகத்தில் அது இல்லை" என்றார்.

திரும்பி வரும் வழியில் நீர்தான் பேசினீர். "பாத்தீரா வே. துருக்கிக் கப்பல முக்குனா அடியில கெடந்து சாகுதவன் ஒங்க ஆளு. ஒங்க கப்பல முக்குனா சாகுதவன் எங்க ஆளு. மேல நின்னு கொடி ஆட்டுதவனுக்குத்தான் ஜெயிச்சதும் தோத்ததும்." கொஞ்ச தூரம் போய், "இந்தக் கரையிலயுந்தான் பறங்கிக்காரன் காலத்துல ஒங்க பாட்டனும் எங்க பாட்டனும் தோணிய முட்டிக்கிட்டுச் செத்தாங்க. அத எவனாவது வருசா வருசம் ஆடிக் காட்டுதானா?" என்று சிரித்தீர். நானும் சிரித்தேன். வியாபாரம் நடந்துகொண்டிருந்தால் எனக்கு எதுவும் சிரிப்புதான்.

அப்புறம் திரிப்போலிச் சண்டை வந்த வருஷம்.

அந்த வருஷத் திருநாள் என் உபயம். திருநாள் செலவை ஏற்கிற உபயகாரனாக வர இந்த ஊரில் பணம் மட்டும் போதாது, பெரிய தெரு ஆட்கள் வாயைத் திறந்து கூப்பிட வேண்டும். தலைச்சுமைக்காரனைக் கூப்பிட அவர்களுக்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது. பந்தல் எங்கே, நாற்காலி யாருக்கு, தூத்துக்குடியிலிருந்து எந்தெந்த முதலாளிகளை வரவழைப்பது என்று நான் தூக்கமில்லாமல் அலைந்த வாரத்தில்தான், இத்தாலிக்காரன் கப்பல்கள் திரிப்போலிக் கரையில் நின்று துருக்கிக்காரன் ஊரைச் சுடுவதாகப் பேப்பரில் வந்தது. பள்ளிக்கூட வாத்தியார் படித்துச் சொல்ல, எங்கள் இளவட்டங்கள், "அங்கயும் நம்ம ஆளு முக்குதாம்லே" என்று குதித்தார்கள். அந்தக் கரையில் உங்கள் பள்ளிவாசலில் துருக்கிக்காக துஆ கேட்டார்களாம்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து நேரே என் கடைக்கு வந்தீர். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, இந்த வருசம் தோணிச் சண்ட வேண்டாம் வே."

"என்ன காக்கா இப்படிச் சொல்லுதீரு? நாளக் கழிச்சுத் திருநாளு."

"அங்கன நெசமாவே சுடுதான். இங்கன நான் பிறைக்கொடியோட தண்ணியில விழுந்தா, பள்ளிவாசல்ல எவன் மூஞ்சில முழிப்பேன்?"

"அது முன்னூறு வருசத்துக்கு முந்துன கத."

"செத்தவன் முன்னூறு வருசத்துக்கு முந்துனவன். கொடி இன்னைக்கும் அதே கொடிதான வே."

எனக்குக் கவலை பிடித்தது. உமக்காக அல்ல, என் உபயத்துக்காக. சண்டை இல்லையென்றால் கூட்டம் இல்லை. தோணி தரமாட்டேன் என்று நீர் சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நீர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டுத்தான் வந்தீர். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விலைக்கு நடுவில் ஒரு விலையைக் கண்டுபிடிப்பது. கண்டுபிடித்தேன். சண்டை நடக்கட்டும், தோணி கவிழ வேண்டாம். முட்டுவதற்கு முன்னால் நான் பந்தலிலிருந்து வெள்ளைக்கொடி காட்டுவேன். வெள்ளைக்கொடியைக் கண்டால் எந்தத் துடுப்பும் நின்றுவிடும், அது வழக்கம். இரண்டு தோணியும் சேர்ந்து கரைக்கு வரட்டும், சமாதானம் ஆனதாக இருக்கட்டும்.

நீர் யோசித்தீர். "நான் சொன்னா எங்க ஆளுக கேப்பாங்க. ஒம்ம வாக்க வச்சுத்தான் சொல்லப் போறேன்."

"சொல்லும். ஆனா இந்தக் கரையில யாருக்கும் தெரிய வேண்டாம். முன்னாலயே தெரிஞ்சா கூட்டம் வராது."

துண்டை எடுத்து நம் கைகள்மேல் போட்டேன். விரலைப் பிடிக்கவில்லை, உம் கையையே பிடித்தேன். மாதா தோணியில் துடுப்புப் போடுகிறவர்களிடம்கூட நான் சொல்லவில்லை. அங்கேதான் தப்பு. சரக்கு விலையை மூடிப் பேசலாம். இது மூடிப் பேசுகிற காரியம் இல்லை என்று எனக்குப் படவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு கரையும் தலையாக இருந்தது. நான் பந்தல் மேடையில் நின்றேன். மடியில் வெள்ளைக்கொடி, கையில் சிவப்பு. சிவப்பைக் காட்டினேன், தோணிகள் கிளம்பின. பக்கத்து நாற்காலியில் இருந்த தூத்துக்குடி முதலாளி, "பேப்பர்ல படிச்சத நேர்ல பாக்கோம்" என்று தொடையில் தட்டினார். பெரிய தெருக்காரர் ஒருவர் என் தோளில் கைபோட்டு, "பெட்டி தூக்கி வந்த மனுசன் இன்னைக்கு எங்க நிக்கேரு பாத்தேரா!" என்றார். அதுவரை என் தோளை அவர் தொட்டது கிடையாது.

மாதா தோணி திரும்பியது. இப்போது காட்டலாம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் நெருங்கட்டும் என்றும் நினைத்தேன். விலை இன்னும் ஏறட்டும் என்று சரக்கைப் பிடித்து வைக்கிற புத்தி. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. நீர் எதிரே வருகிற தோணியைப் பார்க்கவில்லை. மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர். நீர் சொல்லி வைத்திருந்தபடி உம் ஆட்கள் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தோணியை நிறுத்தி, காத்திருந்தார்கள். விலகிப் போகவும் இல்லை, தடுக்கவும் இல்லை. மாதா தோணி வந்து விலாவிலேயே முட்டியது.

கை பிந்திவிட்டது என்று எத்தனையோ நாள் என்னையே நம்பவைத்துப் பார்த்தேன். பிந்தவில்லை. நான் தூக்கவில்லை.

உம் சுக்கான்காரருக்கு இரண்டு தோணிக்கும் நடுவில் மாட்டி மணிக்கட்டு ஒடிந்தது. எங்கள் இளவட்டங்கள் பிறைக்கொடியைத் தண்ணீரிலிருந்து எடுத்துக் கரையில் சேற்றில் போட்டு மிதித்தார்கள். அது எந்த வருஷமும் இல்லாத வழக்கம். நீர் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்தீர். துண்டு கேட்கவில்லை. ஒடிந்த கைக்காரரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில் அந்தக் கரையைப் பார்த்துப் பைய நடந்து போனீர். பந்தியில் உங்களுக்குப் போட்ட இலைகள் அப்படியே கிடந்தன.

செவ்வாய்க்கிழமை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர் என் கடைக்கு வந்தார்கள். பின்னால் நீர். கடையில் ஆத்தூர் வெற்றிலைக்காரர், பெரிய தெருக்காரர் இரண்டு பேர், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள்.

வயசாளி ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார். "அண்ணாச்சி, சண்டைக்கு வரல. ஒரு வெவரம் கேட்டுட்டுப் போறோம். தோணியக் கவுக்க மாட்டோம்னு நீங்க வாக்குக் குடுத்ததா இவரு சொல்லுதாரு. அத நம்பித்தான் எங்க பிள்ளைக துடுப்பத் தூக்குனாங்க. குடுத்தீங்களா?"

"திருநாள் விளையாட்டுக்கு யாரு பத்திரம் எழுதிக் குடுப்பா? பயலுவ ஆவேசத்துல முட்டிட்டானுவ. கை ஒடிஞ்சவருக்கு வைத்தியம் நான் பாக்கேன்."

"நாங்க கேட்டது அது இல்லையே."

பெரிய தெருக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படிக் குறிப்பா ஒண்ணும் பேசல" என்றேன்.

நீர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அடுக்கியிருந்த ஓலைப்பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தீர். வயசாளி உம்மைத் திரும்பிப் பார்த்த பார்வை மட்டும் இன்றைக்கும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. பொய் சொல்லித் தன் ஆட்களையே அவமானத்துக்குக் கூட்டிப்போனவனைப் பார்க்கிற பார்வை அது. துண்டுக்கடியில் நடந்ததற்கு உம்மிடம் ஒரு சாட்சியும் இல்லை.

அதற்கப்புறம் உம் சொல்லுக்கு அந்தக் கரையில் பெறுமானம் போய்விட்டது. பஞ்சாயத்துக்கு உம்மைக் கூப்பிடுவது நின்றது. உங்கள் இளவட்டங்களே முதுகுக்குப் பின்னால், "துருக்கி ராசா போறாரு" என்றார்களாம். அதே பெயர்தான். முன்பு அதைச் சொல்லிச் சிரித்தவர்கள் எங்கள் கரைக்காரர்கள், அதில் ஒரு பிரியம் இருந்தது. உம் தோணிக்காரர்கள் ஒவ்வொருவராக வேறு இடத்துக்குப் போனார்கள். தை மாதம் நீர் கொழும்புக்குக் கிளம்பினீர்.

கிளம்புமுன் கடைக்கு வந்தீர். அன்றைக்கு வேறு யாரும் இல்லை. வழக்கம்போல ஒரு கருப்பட்டியை உடைத்து முகர்ந்தீர், ஒரு சில்லை வாயில் போட்டீர். நான் ஏதேதோ பேசினேன், கொழும்பில் விலை என்ன, கப்பல் எப்போது என்று. நீர் மென்று முடித்துவிட்டுச் சொன்னீர்.

"நனைஞ்சது அன்னைக்கே காஞ்சிட்டு வே. செவ்வாக்கிழம, ‘ஆமா, சொன்னேன், கொடியத் தூக்கல’ன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தேர்னா போதும். ஒமக்கு என்ன கொறஞ்சிருக்கும்?"

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், காக்கா. அப்போதும் கணக்குத்தான். பெரிய தெருக்காரரின் கை என் தோளை விட்டுப் போயிருக்கும். அவ்வளவுதான் குறைந்திருக்கும். அதை உம்மிடம் சொல்ல முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நீர் படியிறங்கிவிட்டீர்.

அதோடு தோணிச் சண்டையும் நின்றது. தோணி கிடைக்கவில்லை என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். நானும் அப்படியே சொன்னேன். பிறகு பெரிய யுத்தம் வந்து கப்பல் போக்குவரத்தே தாறுமாறாகப் போனது. யுத்தத்துக்கு நடுவில் ஒருநாள் தூத்துக்குடியில் ஒரு தரகர், போகிற போக்கில், "ஒம்ம சேக்காளி கொழும்புல காய்ச்சல்ல மவுத்தாயிட்டாராம், தெரியுமா?" என்றார். இரண்டு மாதத்துக்கு முந்தின சேதி. நான் அன்றைக்குப் போன வியாபாரத்தை முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

போன சித்திரையில் உம் மூத்த மருமகன் வந்தார். தாடி வைத்த, அமைதியான மனுஷன். கொழும்பில் கடையை அவர்தான் பார்க்கிறாராம். யுத்தம் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியதால் நம் பக்கத்துக் கருப்பட்டி எடுக்க வந்திருந்தார். கடையில் ஆறேழு பேர் நின்றார்கள். நான் ஒரு பெட்டியைப் பிரித்து, "ஒடச்சுப் பாத்துக்கிடுங்க" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி. ஒங்க சரக்க ஒடச்சுப் பாக்கக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காக. கடைசியாப் படுத்திருக்கும்போதுகூடச் சொன்னாக. ‘அந்தக் கரைக்குப் போனா அண்ணாச்சி கடையில கண்ண மூடிக்கிட்டு எடு. சரக்கு விசயத்துல அவரு சொன்ன சொல்லு மாறாது’ன்னு."

நின்றவர்களில் ஒருவர், "பெரிய வார்த்த!" என்றார். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மருமகனும் என்னைப் பார்த்துச் சிரித்தார். புகழ்ச்சியாகத்தான் சொன்னார். அவருக்கு நம் கதை தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. நீர் அவரிடம்கூட அதைச் சொல்லவில்லை.

உங்க மாமாவுக்கு நான் ஒரு வாக்குக் குடுத்திருந்தேன், குடுக்கலன்னு பொய் சொல்லிட்டேன் என்று சொல்ல வாய் திறந்தேன். நின்ற ஆறேழு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். "ஒங்க மாமா பெரிய மனுசன்" என்று மட்டும் வந்தது. அவர் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து உம்முடைய அந்த ‘சரக்கு விசயத்துல’ என்கிற சொல்லோடுதான் இருக்கிறேன். நீர் பொய் சொல்லவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. சாகப் போகிற நேரத்திலும் எனக்கு உரியது எவ்வளவோ அவ்வளவை மட்டும் சரியாக நிறுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறீர், காக்கா. அதற்குமேல் ஒரு குன்றிமணி கேட்க எனக்கு வாய் இல்லை.